விம்பிள்டன் சிறுவர் பட்டமும் கடலூரின் அருகம்புல்லும்

விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை இந்தியர்கள் மூவர் வென்றிருக்கிறார்கள்: 1954-இல் ராமநாதன் கிருஷ்ணன், 1979-இல் அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன், 1990-இல் லியாண்டர் பயஸ். முதலாமவர் நாகர்கோவிலில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். இரண்டாமவர் சென்னையிலேயே பிறந்தவர். கொல்கத்தாவில் பிறந்த மூன்றாமவர், விஜய் அமிர்தராஜ் சென்னையில் நடத்திய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் உருவானவர். ஆக, மூன்று கோப்பைகளுக்கும் தமிழ்நாட்டோடு ஏதோ ஒரு வகையில் உறவு உண்டு. அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. 2015-இல் சுமித் நாகல் வியட்நாம் வீரர் லீ ஹோவாங் நாமோடு சேர்ந்து சிறுவர் இரட்டையர் பட்டத்தை வென்றார் என்றாலும், ஒற்றையர் பட்டியலில் நான்காவது இந்தியப் பெயர் இன்னும் ஏறவில்லை. இதற்குக் காரணம் கேட்டால், கடலூரிலும் புதுச்சேரியிலும் பிள்ளைகளை டென்னிஸ் கோச்சிங்கில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் உடனே சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு: நம் ஊரில் புல்தரைக்கு எங்கே போவது? கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டியின் வரலாற்றையும் இன்றைய நடைமுறையையும் சற்று நெருங்கிப் பார்த்தால், தடை புல்லில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது என்பது புலப்படும்.

1947-இல் அழைப்பின் பேரில் ஆடப்படும் போட்டியாகத் தொடங்கியது இது. முதல் ஆண்டு வென்ற டென்மார்க்கின் கர்ட் நீல்சன், பின்னர் 1953-இலும் 1955-இலும் ஆண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம்வரை வந்து தோற்றார். இன்று பிரதானச் சுற்றில் 64 பேர் இடம்பெறுகிறார்கள். பட்டம் வெல்ல ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஆட்டங்கள் மூன்று செட்களில் முடிகின்றன. 13 வயது நிறைந்தவர் முதல் அந்த ஆண்டில் 18 வயதை எட்டுபவர்வரை ஆடலாம். பெரியவர்களுக்குரிய வெள்ளுடை விதி சிறுவர்களுக்கும் அப்படியே பொருந்தும். பரிசுத்தொகை மட்டும் கிடையாது. சிறுவர் பிரிவில் ஆடுகிறவர்கள் ஆடுவது தரவரிசைப் புள்ளிகளுக்காகவும் பெயருக்காகவுமே. 2022 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான ஒரு சிறு போட்டியும் அதே வளாகத்தில் நடக்கிறது. அதில் உலகின் பல பகுதிகளிலிருந்து 16 சிறுவர்களும் 16 சிறுமிகளும் பங்கேற்கிறார்கள்.

சிறுவர் போட்டி, பெரியவர்களின் ஆட்டங்கள் முதல் வாரத்தைக் கடக்கும் நேரத்தில் தொடங்கி இரண்டாம் வாரம் முழுவதும் நடக்கும். தொலைக்காட்சியில் பார்ப்பவர் கவனிக்கத் தவறுவது இந்த நேர ஒழுங்கைத்தான். முதல் திங்கட்கிழமை மைதானங்கள் பச்சைக் கம்பளமாக இருக்கின்றன. ஐந்தாறு நாட்கள் பெரியவர்கள் மிதித்த பிறகு, மைதானத்தின் பின்கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் புல் தேய்ந்து, காய்ந்து இறுகிய களிமண் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். பதினேழு வயதுப் பையன் வந்து நிற்பது அந்த இடத்தில். எனவே ஒரே ஆட்டத்துக்குள் அவன் இருவகைத் தரைகளைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அவன் நிற்கும் இடம் வெறும் மண். எதிராளியின் பந்து விழும் சர்வீஸ் கட்டமோ இன்னும் வழுக்கும் புல். மழை வந்து ஆட்டங்கள் தள்ளிப்போனால் முதலில் இடித்து நெருக்கப்படுவதும் சிறுவர் பிரிவின் அட்டவணைதான்; ஒற்றையரும் இரட்டையருமாக ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆட நேர்வது அங்கே புதுமையில்லை.

புல்லில் பந்து என்ன செய்கிறது என்பதை, கடலூரில் பிள்ளைகள் பழகும் சிமென்ட் கோர்ட்டோடு வைத்துப் பார்ப்பது எளிது. சிமென்ட் தரை சொரசொரப்பானது. பந்தின் மேலுள்ள கம்பளி இழை தரையைப் பற்றிக்கொள்ளும். முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்து, முன்னோக்கிச் சுழலும்படி டாப்ஸ்பின் கொடுத்து அடித்த பந்து செங்குத்தாக எழும்பிப் பதினான்கு வயதுப் பையனின் தோளுக்கு வரும். தோளுக்கு வரும் பந்தை அடிப்பதற்காகவே அவன் கைப்பிடியை மட்டையின் அடிப்புறத்துக்கு வெகுவாகத் திருப்பிப் பிடித்துப் பழகியிருப்பான். புல்லில் உராய்வு குறைவு. பந்து தரையைத் தொட்டதும் வேகத்தை அவ்வளவாக இழக்காமல் சறுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். பின்னோக்கிச் சுழலும்படி வெட்டி அடித்த, அதாவது ஸ்லைஸ் செய்த பந்தென்றால் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில்தான் சந்திக்க முடியும். அதே கைப்பிடியோடு அவ்வளவு தாழ்ந்த பந்தின் அடியில் மட்டையைக் கொண்டுபோவது கடினம். நீண்டு பின்னிழுத்து அடிக்கும் பழக்கமும் உதவாது, ஏனெனில் கை பின்னால் போய்த் திரும்புவதற்குள் பந்து கடந்துவிட்டிருக்கும். காலடிகளும் மாறவேண்டும். சிமென்ட்டில் சட்டென்று ஊன்றித் திரும்பலாம். புல்லில் அப்படி ஊன்றினால் வழுக்கும், அதனால் சிறுசிறு அடிகளாக வைத்து, உடம்பைத் தாழ்த்தியே நகர வேண்டும். அடிப்பகுதியில் சிறு ரப்பர்க் குமிழ்கள் பதித்த காலணியை அணிவதும் இதற்காகவே.

விம்பிள்டனின் புல், ரை புல் எனப்படும் குளிர்நாட்டு வகை. 2001-க்கு முன்பு 70 விழுக்காடு ரை புல்லும் 30 விழுக்காடு ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல்லும் கலந்திருந்தன. அந்த ஆண்டிலிருந்து முழுவதும் ரை புல்லாக மாற்றப்பட்டது. போட்டி நாட்களில் அது 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கப்படுகிறது. தேய்மானத்தைத் தாங்க வேண்டும் என்பதற்காகச் செய்த இந்த மாற்றம் ஆட்டத்தையும் மாற்றியது என்பது ஆட்டக்காரர்கள் பலரின் கருத்து: தரை முன்பைவிடக் கெட்டியாகி, பந்து சற்று உயர்ந்தும் சீராகவும் எழும்பத் தொடங்கியது. சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஓடும் பழைய ஆட்டம் அதன்பின் அருகிப் போனதற்குத் தரை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மட்டையும் அதில் கட்டும் நரம்பும் மாறியதும் ஒரு காரணம். ஆனால் பேஸ்லைனில் நின்று ஆடுகிறவனுக்கு இன்றைய விம்பிள்டன் ராமநாதன் கிருஷ்ணன் காலத்து விம்பிள்டன் அளவுக்கு அந்நியமானது அல்ல என்பதை மறுக்க முடியாது.

இந்த ரை புல்லைக் கடலூரில் விதைத்தால் என்ன ஆகும் என்று வேளாண்மை தெரிந்த யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். குளிர்ந்த ஈரக் காற்றில் தழைக்கும் அந்தப் புல் நம் கத்திரி வெயிலைத் தாங்காது. நெல்லைப் போலத் தூர் கட்டி வளர்வது அதன் இயல்பு. ஓரிடத்தில் செத்துப்போனால் பக்கத்துத் தூர் படர்ந்து வந்து அந்த இடத்தை மூடாது, மறுபடியும் விதைக்கத்தான் வேண்டும். நம் மண்ணுக்குரிய மைதானப் புல் அருகு. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றிலும், பண்ணுருட்டிச் செம்மண்ணிலும், வீராணத்துப் பாசன வரப்பிலும் ஒருவரும் விதைக்காமலே வளர்வது அது. ஒரு கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும்: விரற்கடைக்கு ஒரு கணு, கணுவுக்குக் கணு தரையில் இறங்கிய வேர், மண்ணுக்கு அடியில் இன்னொரு தண்டு. கணு ஒன்று மண்ணில் மிச்சமிருந்தாலும் போதும், அடுத்த மழைக்கு மீண்டும் படர்ந்துவிடும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமக்களை வாழ்த்தியவர்கள் வயலில் களையெடுத்துக் களைத்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிள்ளையாருக்குச் சாத்துவதற்கென்று கட்டுக்கட்டாக விற்கும் அதே புல்தான், வெட்டி, உருளையிட்டு, நீர் பாய்ச்சிப் பராமரித்தால் டென்னிஸ் தரையாகும்.

இந்தியாவின் பெயர்பெற்ற புல்தரைகளில் இருப்பதும் இந்த அருகுதான். கொல்கத்தா சவுத் கிளப்பிலும் டெல்லி ஜிம்கானாவிலும் நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பை ஆட்டங்களை இந்தியா புல்லில் வைத்துக்கொண்டதற்குக் காரணம் வெறும் பாசம் அல்ல, கணக்கு. வெளிநாட்டு வீரர்கள் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே ஆடும் தரை அது. நம்மவர்களுக்கோ கைக்கு அடங்கிய தரை. 1966-இல் கொல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சிடம் தோற்கும் நிலையிலிருந்து மீண்டு வந்து ராமநாதன் கிருஷ்ணன் வென்றதால்தான் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. 1987-இல் இந்தியா எதிராளியின் புல்லிலேயே போய் வென்றது: சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டையும் வாலி மசூரையும் ரமேஷ் கிருஷ்ணன் வீழ்த்தினார். 1995-இல் டெல்லிப் புல்லில் லியாண்டர் பயஸ், உலகின் அசுர சர்வீஸ்காரர்களில் ஒருவரான கோரான் இவானிசெவிச்சைத் தோற்கடித்தார். 2022-இல் டென்மார்க்கை டெல்லி ஜிம்கானாவின் புல்லுக்கு வரவழைத்து வென்றதும் இதே கணக்கின் தொடர்ச்சிதான்.

இந்த இடத்தில்தான் பலரும் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்: அந்தக் காலத்தில் புல் இருந்தது, வென்றோம், இப்போது புல் இல்லை, தோற்கிறோம் என்று. இதில் பாதிதான் உண்மை. 1954-இல் ராமநாதன் கிருஷ்ணன் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று, அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியரானபோது, கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் பிரெஞ்சுப் போட்டி நீங்கலாக மற்ற மூன்றும் புல்லில்தான் நடந்தன. டென்னிஸில் பெரிதாக எதையும் சாதிக்க விரும்பியவன் புல்லைக் கற்றே ஆகவேண்டிய காலம் அது. ஆகவே விம்பிள்டன் சிறுவர் பட்டம் என்பது அன்றைய டென்னிஸின் மையத்திலேயே நடந்த தேர்வு. 1974-உடன் அமெரிக்க ஓப்பனும், 1987-உடன் ஆஸ்திரேலிய ஓப்பனும் புல்லை விட்டு விலகின. இன்று ஜூன், ஜூலை மாதங்களின் ஒரு சில வாரங்களோடு உலகப் புல்தரைப் பருவம் முடிந்துவிடுகிறது. பிரெஞ்சு ஓப்பனின் செம்மண்ணில் ஆடி முடித்த சிறுவர்கள் இங்கிலாந்துக்கு வந்து, ரோஹாம்ப்டனில் நடக்கும் முன்னோட்டப் போட்டியில் ஒரு வாரம் காலைப் பழக்கிக்கொண்டு, நேராக விம்பிள்டனுக்குப் போகிறார்கள். பிரெஞ்சு ஓப்பனுக்கும் விம்பிள்டனுக்கும் இடையிலான இடைவெளி 2015-இல்தான் மூன்று வாரமாக்கப்பட்டது. அதாவது, இன்று அங்கே ஆடும் 64 பேரில் புல்லில் வளர்ந்தவன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்டுவது அரிது.

புல்லுக்குச் சொந்தக்காரர்களின் கதையைப் பாருங்கள். 1962-இல் ஸ்டான்லி மேத்யூஸ் (புகழ்பெற்ற கால்பந்து வீரரின் மகன்) சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற பிறகு, அடுத்த பிரிட்டிஷ் சிறுவன் அதை வெல்ல 2023-இல் ஹென்றி சர்ல் வரும்வரை 61 ஆண்டுகள் ஆயின. வாசலில் புல் இருந்தும் பட்டம் வரவில்லை. மறுபக்கம், செம்மண் தரைக்குப் பேர்போன பிரான்ஸிலிருந்து 2000-இல் நிக்கோலா மாயூவும் 2004-இல் கேல் மோன்ஃபிஸும் வென்றார்கள். இந்த மாயூதான் 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரோடு 11 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட்டை 68–70 என்று இழந்தவர். (புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமும் கடலூர் ஆங்கிலேயரிடமும் இருந்த நாட்களை நினைத்து, செம்மண்ணா புல்லா என்று யாராவது பழைய சண்டையைக் கிளப்பினால், விம்பிள்டன் சிறுவர் பட்டியலில் இந்த நூற்றாண்டின் கணக்கு பிரெஞ்சுப் பக்கமே சாய்கிறது.) 2018-இல் தைவானின் செங் சுன்-சின் அதே ஆண்டில் பாரிஸ் செம்மண்ணிலும் விம்பிள்டன் புல்லிலும் வென்றார். ரமேஷ் கிருஷ்ணனும் 1979-இல் அப்படித்தான் இரண்டையும் வென்றிருந்தார். 2019-இல் ஜப்பானின் ஷின்டாரோ மொச்சிசுகி; 2021-இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கச் சிறுவன் சமீர் பானர்ஜி. இவர்களில் யாருக்கும் புல் வீட்டுத் தரை அல்ல.

அப்படியானால் அங்கே வெல்பவனிடம் இருப்பது என்ன? என் பார்வையில், பழகிய ஆட்டத்தை ஒரே வாரத்தில் சுருக்கிக்கொள்ளும் திறன். சர்வீஸை வேகத்தால் மட்டும் அல்லாமல் இடம் பார்த்துப் போடுவது, எதிராளியின் சர்வீஸைத் திருப்பும் ரிட்டர்னில் மட்டையைப் பின்னால் கொண்டுபோகாமல் தடுத்துத் திருப்புவது, பேக்ஹேண்ட் ஸ்லைஸைத் தற்காப்பாக அல்லாமல் தாக்குதலாகப் பயன்படுத்துவது, முழங்காலை மடித்து ஆடுவது, குட்டையாக வந்த பந்துக்கு முன்னேறி, அடுத்த பந்தைத் தரையில் விழுமுன் அடிக்கும் வாலியில் முடிப்பது. இவற்றில் ஒன்றுக்கும் புல் தேவையில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி உப்பளத்திலோ உள்ள ஒரு சிமென்ட் கோர்ட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். கற்பிக்காமல் விடப்படுகின்றன என்பதுதான் குறை. 12 வயதுக்குட்பட்டோர், 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் பந்தை உயர்த்தி உயர்த்தித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பவன்தான் பெரும்பாலும் வெல்கிறான். வலைக்கு வரும் பையன் தலைக்கு மேல் லாப் வாங்கித் தோற்கிறான். தோற்ற பையனுடைய அப்பா கோச்சிடம் வந்து, இனிமேல் வலைக்குப் போக வேண்டாமென்று சொல்லுங்கள் சார் என்பார். பதினேழு வயதில் புல்லில் தேவைப்படப் போகிற ஓர் ஆயுதம் பன்னிரண்டு வயதில் இப்படித்தான் கைவிடப்படுகிறது.

கடற்கரை ஊர்களுக்கு இதில் ஒரு சிறு அனுகூலமும் உண்டு. பகல் ஏறியதும் வங்கக் கடலிலிருந்து வீசத் தொடங்கும் காற்றில், சர்வீஸுக்குத் தூக்கிப் போட்ட பந்து தலைக்கு நேரே நிற்காது. காற்றோடு ஆடிப் பழகிய பிள்ளை பந்தைத் தாழ்வாகத் தூக்கிப் போடவும், கடைசி நொடியில் காலை நகர்த்தித் திருத்திக்கொள்ளவும் தானாகவே கற்றுக்கொள்கிறான். புல்லில் சீரற்று எழும்பும் பந்துக்குத் தேவைப்படுவதும் இதே திருத்தம்தான். புதுச்சேரியில் டென்னிஸ் புதிதும் அல்ல. அரவிந்தர் ஆசிரமத்தின் கடற்கரையோர டென்னிஸ் மைதானத்தில் அன்னை எழுபது வயதைக் கடந்த பின்னும் மட்டையோடு ஆடியதை 1950-இல் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் படமெடுத்திருக்கிறார்.

சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதனின் ஆட்டம் இந்த வாதத்துக்கு நல்ல சான்று. சிமென்ட்டிலும் பின்னர் ஸ்பெயினிலும் பயின்றவர் அவர். ஆனால் அவருடைய பெரிய வெற்றிகள் புல்லில் வந்தவை: 2017-இல் துருக்கியின் அந்தால்யாவில், அப்போது உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராக இருந்த டொமினிக் தீமை வீழ்த்தினார், 2018-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் புல்தரைப் போட்டியில் இறுதிவரை சென்றார். அதே நியூபோர்ட்டில்தான் 1998-இல் லியாண்டர் பயஸ் தம் வாழ்நாளின் ஒரே ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) ஒற்றையர் பட்டத்தை வென்றிருந்தார். சர்வீஸ், வாலி, கைத்திறன் ஆகிய மூன்றும் இருந்தால், ஆண்டில் பதினோரு மாதம் சிமென்ட்டில் ஆடினாலும் புல் கைகொடுக்கும்.

உண்மையான தடை, விம்பிள்டன் வாசலுக்குப் போய்ச் சேருவதில் இருக்கிறது. சிறுவர் பிரிவில் பெரும்பாலான இடங்கள் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஜூனியர் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. மீதி இடங்கள் தகுதிச்சுற்றில் வென்றவர்களுக்கும் அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதியான வைல்டு கார்டு பெற்றவர்களுக்கும். தரவரிசைக்கான போட்டிகள் ஜே30, ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500 என்று படிப்படியாக உயர்கின்றன. பெயரிலுள்ள எண்ணே ஒற்றையர் பட்டம் வென்றவனுக்குக் கிடைக்கும் புள்ளி. கிராண்ட்ஸ்லாம் சிறுவர் பட்டத்துக்கு 1000 புள்ளிகள். ஓராண்டில் ஆடிய போட்டிகளில் சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகளோடு, சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளின் கால் பங்கும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இந்த விதியின் உட்பொருளைப் பெற்றோர் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். கணக்கில் வருவது ஆறே போட்டிகள் என்பதால், ஜே30 போட்டிகளை எத்தனை முறை வென்றாலும் ஒற்றையரில் 180 புள்ளிகளைத் தாண்ட முடியாது. அதோடு ஜே300 போட்டி ஒன்றில் பட்டம் வென்ற பையன், அந்த ஒரு வாரத்திலேயே இவனைக் கடந்துவிடுகிறான். உள்ளூரைச் சுற்றியே ஆடி உயர முடியாதபடி அமைந்த ஏணி இது. குறிப்பிட்ட கட்டத்துக்கு மேல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்த்தான் ஆகவேண்டும்.

கடலூர்ச் சிறுவன் ஒருவனுக்கு இந்த ஏணியின் கீழே இன்னொரு ஏணியும் இருக்கிறது. அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் டேலன்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்ற வரிசை அது. இந்தப் போட்டிகளுக்காகச் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை தகுதிச்சுற்று, திங்கட்கிழமை பிரதானச் சுற்று. முதல் சுற்றிலேயே தோற்றால் அன்று மாலையே பேருந்து ஏறித் திரும்ப வேண்டும். வென்றால் இன்னும் ஒரு நாள் லாட்ஜ் வாடகை, இன்னும் ஒரு நாள் பள்ளி விடுப்பு. வெற்றி பெறப் பெறச் செலவு கூடும் விளையாட்டு என்று டென்னிஸைச் சொன்னால் அது மிகையில்லை. வடகிழக்குப் பருவமழை இதன்மேல் ஒரு சுமை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கூரையில்லாத கோர்ட்டுகளில் பயிற்சி வாரக்கணக்கில் தடைபடும். 2011 டிசம்பரில் தானே புயலும் 2015-இல் பெருவெள்ளமும் வந்தபோது இந்த மாவட்டத்தில் டென்னிஸைப் பற்றி யோசிக்கவே யாருக்கும் நேரமில்லை. உள்ளரங்கக் கோர்ட் ஒன்று இருந்தால் இந்த மூன்று மாதமும் மிச்சமாகும். புல்தரை அமைப்பதற்கு ஆகும் தண்ணீரையும் பணத்தையும் ஒரு கூரைக்குச் செலவிடுவது நம் கடற்கரைக்குப் பயன் தரும் என்றே தோன்றுகிறது.

இவ்வளவு பாடுபட்டு வெல்லும் பட்டத்தின் பெறுமானத்தையும் நிதானமாக எடைபோட வேண்டும். சிறுவர் ஒற்றையரை வென்று, பின்னர் அதே விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையரையும் வென்றவர்கள் நால்வர் மட்டுமே: பியான் போர்க், பேட் கேஷ், ஸ்டெஃபான் எட்பெர்க், ரோஜர் ஃபெடரர். 1947-இலிருந்து எண்ணினால் இது மிகச் சிறிய கூட்டம். 1983-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் சிறுவர் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற எட்பெர்க் ஒரு விதிவிலக்கு. 2002-இல் ரஃபேல் நடால் சிறுவர் அரையிறுதியில் தோற்றார். அந்த ஆண்டு பட்டம் வென்ற ஆஸ்திரேலியச் சிறுவன் டாட் ரீடின் பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நம் மூவரையே எடுத்துக்கொள்வோம். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்கள் அரையிறுதியை எட்டி, முதல் முறை நீல் ஃப்ரேசரிடமும் மறுமுறை ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டில் பட்டம் வென்றவர்கள். ரமேஷ் 1986-இல் காலிறுதிவரை சென்றார். பயஸ் ஒற்றையரைவிட இரட்டையரில்தான் வரலாறு படைத்தார். பதினேழு வயதில் ஒத்த வயதினரை வெல்வது ஒன்று. முப்பது வயதுக்காரன் வீட்டு வாடகைக்காக ஆடும் சேலஞ்சர் என்ற இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டியில் அவனை வெல்வது வேறொன்று. உடல் வளர்ச்சி முந்திக்கொண்ட சிறுவன் சிறுவர் பிரிவில் ஜொலிப்பதும், இரண்டே ஆண்டுகளில் மற்றவர்கள் உயரத்திலும் வலுவிலும் அவனை எட்டிப் பிடித்துவிடுவதும் எல்லா நாட்டிலும் நடக்கும் கதை.

ஆனாலும் பட்டம் வீண் அல்ல. ஆண்டு இறுதி ஜூனியர் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் சிறுவர்களுக்குத் தொழில்முறைப் போட்டிகளில் நேரடியாக இடம் ஒதுக்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. முன்பு ஓரிரு ஆண்டுகள் அடிமட்டப் போட்டிகளில் அலைந்து சேர்த்த புள்ளிகளை அது மிச்சப்படுத்துகிறது. இன்னொரு வழியைச் சமீர் பானர்ஜி காட்டினார்: பட்டம் வென்ற கையோடு தொழில்முறை ஆட்டத்தில் குதிக்காமல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கல்லூரி டென்னிஸ் ஆடினார். நல்ல ஜூனியர் தரவரிசை கையிலிருந்தால் அமெரிக்கக் கல்லூரிகளின் உதவித்தொகைக்கான கதவு திறக்கும். விம்பிள்டனை எட்டாத பையனுக்கும் அந்தத் தரவரிசை பயன்படும் என்பதால், நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு விம்பிள்டனைவிட நெருக்கமான இலக்கு இதுவாகவே இருக்கக்கூடும்.

காலக்கணக்கு மட்டும் கறாரானது. 2012-இல் பிறந்த சிறுவனுக்கு விம்பிள்டன் சிறுவர் பிரிவு 2030 ஜூலையோடு முடிந்துவிடும். தரவரிசை முந்தைய 52 வாரங்களின் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்படுவதால், 2029 கோடையிலிருந்து 2030 கோடைக்குள் அவன் எங்கே ஆடினான் என்பதே கடைசி வாய்ப்பைத் தீர்மானிக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்குப்படி அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் 2029 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியிருப்பார்கள். எனவே அந்த 52 வாரங்கள் கல்லூரியின் முதலாண்டில் வந்து விழும். அந்த ஆண்டு கல்லூரிச் சேர்க்கையைத் தள்ளிவைப்பதா என்ற கேள்வியைக் குடும்பம் 2029 மே மாதத்தில், மதிப்பெண் பட்டியல் வந்த வாரத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஜே200, ஜே300 போட்டிகளுக்குள் நுழையத் தேவையான புள்ளிகளைப் பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போதே சேர்த்திருக்க வேண்டும்.